எஸ்தரின் வெள்ளச் சொற்கள்

எஸ்தர் இறந்த செய்தி வந்தபோது நான் அவர்மேல் கோபமாக இருந்தேன். முந்தைய நாள் மாலை சிதம்பரத்திலிருந்து கடலூர் வரும் பேருந்தில் தொடங்கிய சண்டை, முதுநகரில் அவர் இறங்கும்போதும் முடிந்திருக்கவில்லை. "நாளைக்குப் பேசிக்கலாம் கலை, வூட்ல அரிசி ஊறுது" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். மறுநாள் காலை எங்கள் கல்லூரி ஆசிரியர்களின் வாட்சப் குழுவில் மழைக்கு விடுமுறை உண்டா என்று ஒருவர் கேட்டிருந்தார். அதற்குக் கீழே, எஸ்தர் மேடம் விடியற்காலையில் நெஞ்சுவலி வந்து இறந்துவிட்டார் என்று இன்னொருவர் போட்டிருந்தார். அதற்கும் கீழே, விடுமுறை உண்டு என்று மூன்றாமவர். பிறகு வரிசையாகக் கும்பிடும் கைகள். எந்தக் கை எதற்கு என்று என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

நான் உடனே அழவில்லை. நாளைக்குப் பேசிக்கலாம் என்றவர் பேசாமல் போய்விட்டாரே என்ற எரிச்சல்தான் முதலில் வந்தது. இதை எழுதும்போதும் அது முழுதாகப் போகவில்லை. இந்த நினைவு மலரை அவரை அறிந்தவர்கள் படிக்கப் போகிறார்கள் என்பதால் மெருகு பூசாமலே எழுதுகிறேன். மெருகை அவர் ஒருநாளும் பொறுத்துக்கொண்டதில்லை.

நாங்கள் இருவரும் சிதம்பரத்துக்குப் பக்கத்தில் ஒரு தனியார் கல்லூரியின் ஆங்கிலத் துறையில் வேலை பார்த்தோம். இருவருக்கும் வீடு கடலூரில். பல வருடங்கள் ஒரே பேருந்தில், பெரும்பாலும் ஒரே இருக்கையில் போய் வந்தோம். அவர் என்னைவிடச் சற்று மூத்தவர், காட்டுமன்னார்கோயிலில் பிறந்து கடலூருக்கு வாழ்க்கைப்பட்டவர். அவர் என்னை 'நீ' என்றுதான் அழைப்பார். நான் கடைசிவரை 'நீங்க'தான். நட்பு என்று அதை நாங்கள் பெயரிட்டதில்லை. செம்மங்குப்பம் வந்தால், ரசாயன ஆலைகளின் நாற்றத்துக்கு அவர் ஜன்னல் கண்ணாடியை இழுத்து மூடுவார். அதைத் தாண்டியதும் நான் திறப்பேன். இதைக்கூட நாங்கள் பேசி முடிவு செய்யவில்லை.

உங்களில் பலருக்கு அவருடைய சனிக்கிழமை வகுப்பு தெரிந்திருக்கும். கடலோரத்தில் அரசு கட்டிய புயல் பாதுகாப்பு மையம் ஒன்று வருடத்தில் முக்கால்வாசி நாள் பூட்டியே கிடக்கும். பஞ்சாயத்தில் கேட்டு அதன் சாவியை வாங்கி, மாடியில் ஓர் அறையில் ஆங்கில வகுப்பு நடத்தினார். கட்டணம் கிடையாது. இறால் உரிக்கும் கம்பெனியில் வேலை செய்யும் பெண்கள், ஓர் ஆட்டோக்காரர், ஐ.டி.ஐ. முடித்துவிட்டு வேலை தேடும் சிலர் வருவார்கள். புயல் எச்சரிக்கை வந்தால் வகுப்பு நடக்காது. அன்று அந்த அறை ஊருக்குத் தேவைப்படும். மாணவர்களில் பாதிப் பேர் அன்றும் அங்கேதான் இருப்பார்கள், பாயும் குழந்தையுமாக.

பாடப்புத்தகம் என்று ஒன்றும் இல்லை. ஆங்கிலச் செய்தித்தாளிலிருந்து ஒரு பேரிடர்ச் செய்தியை வெட்டி எடுத்து வருவார். எங்கோ வெள்ளம், எங்கோ நிலநடுக்கம், எங்கோ காட்டுத்தீ. அதிலிருந்து ஆங்கிலச் சொற்களைப் பலகையில் எழுதுவார். பொருளை மட்டும் அவர் சொல்ல மாட்டார். அந்தச் சொல் குறிக்கும் விஷயத்தை நேரில் பார்த்த ஒருவர் எழுந்து தமிழில் அதை விவரிக்க வேண்டும். "பாத்தவங்க சொல்லுங்க" என்பார். யாராவது சொன்ன பிறகுதான் அடுத்த சொல்லுக்குப் போவார். சுனாமி என்ற சொல்லை மட்டும் பலகையில் எழுதியதே இல்லை. அது இந்த ஊரில் தமிழ் ஆகிவிட்டது என்பார்.

இந்த முறை எப்படித் தோன்றியது என்று அவர் ஒரு கதை சொல்வார். பெரிய வெள்ளம் ஒன்றின்போது வடக்கிலிருந்து ஒரு தொலைக்காட்சிக் குழு வந்ததாம். எஸ்தர் சாப்பாட்டுப் பொட்டலங்களோடு அங்கே நின்றிருந்தாராம். ஒரு பெண்மணி தான் இழந்ததையெல்லாம் நெடுநேரம் சொல்ல, கூட வந்த ஆள் அதை ஆங்கிலத்தில் ஒரே வரியில், 'இவருக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது' என்று முடித்துவிட்டானாம். இந்தக் கதையை நான் மூன்று விதமாகக் கேட்டிருக்கிறேன். ஒரு தடவை அந்தப் பெண் இழந்தது ஆடுகள், ஒரு தடவை தையல் மெஷின், இன்னொரு தடவை அவர் எஸ்தருக்கே தூரத்துச் சொந்தம். எது உண்மை என்று ஒருநாள் பேருந்தில் கேட்டேன்.

"ஆடா இருந்தா என்னா, மெஷினா இருந்தா என்னா? அந்தாளு சொன்னது ஒரே வரி. அதுல மாத்தமில்ல" என்றார்.

நான் கதைகளை எளிதில் நம்புகிறவள் இல்லை. ஆனாலும் அந்த ஒரே வரியை நம்பினேன்.

அவர் வற்புறுத்தியதால் ஒரு சனிக்கிழமை போய்ப் பின்னால் உட்கார்ந்தேன். அன்றைய செய்தி வட மாநிலம் ஒன்றில் வெள்ளம். பலகையில் ஸ்ட்ராண்டட் என்ற சொல். போக்கிடம் இல்லாமல் இடையில் மாட்டிக்கொள்வது. எனக்கு ஒரு நொடி போதும். எஸ்தர் சாக்பீஸைப் பிடித்தபடி நின்றார். யாரும் பேசவில்லை. மின்விசிறி சுற்றியது. அவர் நின்றுகொண்டே இருந்தார். எனக்கு உடம்பெல்லாம் அரித்தது. விடை தெரிந்த இரண்டு பேர் அறையில் இருக்கும்போது மற்றவர்கள் ஏன் இப்படித் தவிக்க வேண்டும் என்று வாயைத் திறந்தேன். "செத்த சும்மா இரு கலை" என்றார், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

கடைசியில் ஆட்டோக்காரர் ஞானவேல் எழுந்தார். "பெண்ணையாத்துப் பாலத்துல தண்ணி ஏறுன அன்னிக்கு மிஸ். அந்தாண்டயும் போவ முடியல, இந்தாண்டயும் வர முடியல. வண்டில கல்யாணப் பொண்ணு. அது அழுவுது. மேக்கப்பு கலையுதுன்னு அதோட அத்த என்னத் திட்டுது. நானா மிஸ் மழைய வரச் சொன்னேன்?"

வகுப்பே சிரித்தது. எஸ்தர் அடுத்த சொல்லுக்குப் போனார். அந்த ஒரு சொல்லுக்குக் கால் மணி நேரம் ஆகியிருக்கும். இந்தக் கணக்கில் போனால் ஒரு பத்தி படித்து முடிக்க ஒரு மாதம் ஆகும் என்று திரும்பி வரும்போது சொன்னேன். "ஆவட்டும்" என்றார்.

இதைவிட மோசம், யாரும் பார்க்காத சொல்லை அவர் கற்றுத்தரவே மாட்டார். நிலச்சரிவைக் குறிக்கும் லேண்ட்ஸ்லைடு என்ற சொல் மாதக்கணக்கில் அப்படியே கிடந்தது. கடலோரத்தில் சரிய ஏது மலை? ஒவ்வொரு முறை அது செய்தியில் வரும்போதும் பலகையின் ஓரத்தில் எழுதிவைத்து, "யாரும் பாக்கல, நிக்கட்டும்" என்பார். பிறகு ஞானவேல் ஒரு சவாரிக்கு ஊட்டி வரை போய், வழியில் மண் சரிந்து பாதை அடைபட்டதைப் பார்த்துவிட்டு வந்தார். அன்று வகுப்பில் கைதட்டினார்களாம். எஸ்தர் இதை ஒரு வெற்றிச் செய்தியாக என்னிடம் சொன்னபோது எனக்குத் தலைவலியே வந்துவிட்டது. மலை சரிந்ததைப் பார்க்க ஆள் அனுப்பித்தான் ஆங்கிலம் கற்க வேண்டுமா?

என் ஆட்சேபம் வேகத்தைப் பற்றி மட்டுமல்ல. அந்த மாணவர்களுக்கு மூழ்குதல், இடிபாடு, வெளியேற்றம், நிவாரணம் எல்லாம் ஆங்கிலத்தில் தெரியும். திரைச்சீலை தெரியாது, சிற்றுண்டி தெரியாது, 'உங்களைச் சந்தித்ததில் மகிழ்ச்சி' தெரியாது. அவர்கள் அந்தச் சொற்களை வீட்டிலும் புழங்கினார்கள். தேர்வில் தோற்ற பாடங்களை சப்மெர்ஜ்டு என்றார்கள். அம்மா கோபமாக இருந்தால் ரெட் அலர்ட். கேட்கச் சிரிப்பாகத்தான் இருந்தது. வேலைக்குப் போய் நிற்கும்போது யார் சிரிப்பார்கள் என்பதுதான் என் கேள்வி.

நான் பயந்தது ரேவதி விஷயத்தில் நடந்தது. ரேவதி அந்த வகுப்பிலேயே நன்றாகப் படிக்கும் பெண். அம்மா துறைமுகத்தில் மீன் விற்கிறார். ரேவதிக்கு இறால் கம்பெனியில் வேலை. நாள் முழுக்கப் பனிக்கட்டியில் கை வைத்து விரல் நுனிகள் வெடித்து, பேனா பிடிக்கும்போதே முகம் சுளிப்பாள். அதிலிருந்து வெளியே வர வேண்டும், அதற்குத்தான் ஆங்கிலம். எனக்குத் தெரிந்தவர் மூலமாகப் புதுச்சேரியில் கடலைப் பார்த்த ஒரு ஓட்டலில் வரவேற்பு வேலைக்கு நேர்முகம் ஏற்பாடு செய்தேன்.

குடும்பத்தைப் பற்றிச் சொல் என்று கேட்டிருக்கிறார்கள். நாங்கள் ஐந்து பேர், அனைவரும் பத்திரமாக இருக்கிறோம் என்று ரேவதி பிழையில்லாத ஆங்கிலத்தில் சொல்லியிருக்கிறாள். ஊரைப் பற்றிக் கேட்டதற்கு, தாழ்வான பகுதி, ஒவ்வொரு வருடமும் பாதிக்கப்படும், நிவாரணப் பொருள்கள் தாமதமாக வரும் என்றிருக்கிறாள். எதிரே இருந்தவர்கள் சிரித்திருக்கிறார்கள். ஒருவர், உன்னை அழைத்துவரப் படகு அனுப்ப வேண்டுமா என்று கேட்டாராம். வேலை கிடைக்கவில்லை.

மறுநாள் பேருந்தில் இதை எஸ்தரிடம் சொன்னேன். அவர் தலை குனிவார் என்று எதிர்பார்த்தேன். "படகுன்னு அவன் சொன்னது அவளுக்குப் புரிஞ்சிருக்கு, பாத்தியா?" என்றார்.

எனக்கு அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. ஓட்டல்காரர்கள் கடலின் அழகை விற்கிறார்கள், அவர்களிடம் போய் வெள்ளத்தைப் பற்றிச் சொன்னால் எப்படி வேலை கொடுப்பார்கள் என்று கேட்டேன்.

"அதே கடல்தான் கலை."

"உங்க வீம்புக்கு அவ கை வெடிச்சிக்கிட்டு இருக்கணுமா?"

புதுச்சத்திரம் தாண்டிய பிறகுதான் எஸ்தர் பதில் சொன்னார். "பொய்யா சொன்னா அவ? அஞ்சு பேரு, எல்லாரும் பத்தரமா இருக்காங்க. அந்தத் தெருவுல எத்தன வூட்ல அப்படிச் சொல்ல முடியும்?"

அதன் பிறகு வாரக்கணக்கில் நாங்கள் இதையேதான் பேசினோம். இரண்டாவதாக ஓர் ஓட்டலில் ரேவதியை அழைத்திருந்தார்கள். இந்தத் தடவை அவளை என்னிடம் அனுப்புங்கள், நான் தயார் செய்கிறேன் என்றேன். அனுப்புகிறேன், ஆனால் என் வார்த்தைகளை மறக்கச் சொல்லாதே என்றார். மறக்காமல் எப்படிப் புதிதாகப் பேச முடியும் என்றேன். அந்தச் சண்டைதான் அன்று மாலை முதுநகரில் பாதியில் நின்றது.

கல்லூரியில் இரங்கல் கூட்டம் நடந்தது. பேசியவர்கள் அவருடைய புதுமையான கற்பித்தல் முறையைப் புகழ்ந்தார்கள். அதே வகுப்பைக் கல்லூரியில் நடத்த அவர் ஒரு முறை அறை கேட்டிருந்தார். எப்போது பார்த்தாலும் சாவும் அழிவும் பேசினால் மாணவர்களின் மனம் கெடும் என்று மறுத்தவர்களில் இருவர் மேடையில் இருந்தார்கள். என்னைப் பேசச் சொன்னார்கள். எனக்கும் அவருக்கும் கருத்து வேறுபாடு உண்டு என்று தொடங்கினேன். துக்கத்தில் தடுமாறுகிறேன் என்று நினைத்து ஒருவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அவர் உயிரோடு இருந்தபோது முகத்துக்கு நேராக எதிர்த்துப் பேசியவள் நான் ஒருத்திதான் என்று நினைக்கிறேன். அந்த மரியாதையை இறந்த பிறகும் கொடுக்க யாரும் விடவில்லை.

அதற்கடுத்த சனிக்கிழமை ரேவதி பஞ்சாயத்திலிருந்து சாவியை வாங்கிக்கொண்டு எனக்குப் போன் செய்தாள். நான் போனேன். வகுப்பு எடுக்கப் போகவில்லை, அவளை நேர்முகத்துக்குத் தயார் செய்யத்தான் போனேன். மற்றவர்களும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். பலகையில் என் சொற்களை எழுதினேன். வரவேற்புக் கூடம், முன்பதிவு, விருந்தினர், இலவசக் காலை உணவு. பொருளையும் நானே சொன்னேன். ஒரு மணி நேரத்தில் எஸ்தரின் ஒரு மாத வேலை முடிந்திருக்கும்.

ரேவதி எழுதுவதை நிறுத்தினாள். "மேடம், அந்தக் காலை டிபன், நீங்க பாத்துருக்கீங்களா?"

ஒரே ஒரு தடவை, ஒரு கருத்தரங்குக்குப் போனபோது. தட்டை ஏந்திக்கொண்டு நீள வரிசையில் நின்று, எதை எடுக்கலாம் எதை எடுக்கக் கூடாது என்று தெரியாமல், இரண்டு இட்லியோடு திரும்பி வந்தேன். அதைச் சொல்ல வேண்டியதாயிற்று. "இட்லிக்காக மேடம் அவ்வளவு தூரம்?" என்றார் ஞானவேல். சிரித்தார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் அந்தச் சொல்லை அதற்குப் பிறகு யாரும் மறக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

குடும்பத்தைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று ரேவதிக்கு மனப்பாடம் செய்யவைத்தேன். மகிழ்ச்சியான குடும்பம், நான் கடின உழைப்பாளி, எல்லோருடனும் இணைந்து வேலை செய்வேன். சுத்தமான, யாரும் சிரிக்க முடியாத வாக்கியங்கள். நேர்முகத்துக்குப் போய்விட்டு வந்து அன்று மாலையே என் வீட்டு வாசலில் நின்றாள். வேலை இல்லை.

"எனக்கு முன்னாடி போன பொண்ணும் அதேதான் மேடம் சொல்லிச்சி. ஹேப்பி ஃபேமிலி, ஹார்ட் ஒர்க்கிங், எல்லாம். கதவாண்ட உக்காந்து கேட்டுகினே இருந்தேன். எனக்குன்னு ஒண்ணும் மிச்சம் வைக்கல அது."

கோபமாகச் சொல்லவில்லை. செய்தியைத்தான் சொன்னாள். உள்ளே வரச் சொல்லிக் காபி போட்டுக் கொடுத்தேன். டம்ளரின் சூடு விரலில் பட்டதும் மேசையில் வைத்துவிட்டாள்.

அடுத்த நாள் பேருந்தில் என் பக்கத்தில் கல்லூரி மாணவன் ஒருவன் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு தூங்கினான். செம்மங்குப்பம் வந்தது, கண்ணாடியை நானே இழுத்து மூடினேன். அவருடைய முறையும் தோற்றது, என்னுடையதும் தோற்றது. அவருடையது அதிகம் சிரிப்பு வரவழைத்தது, என்னுடையது யார் காதிலும் விழவில்லை. இதைச் சொல்ல வேண்டிய ஒரே ஆள் அவர். "பாத்தியா" என்று அவர் சொல்வதைக் கேட்டு நான் எரிச்சலடைந்திருக்க வேண்டும். அதற்குக்கூட வழியில்லாமல் செய்துவிட்டார். ஒரு விவாதத்தை இப்படிப் பாதியில் விட்டுப் போவது நியாயமில்லை என்று இன்னமும் நினைக்கிறேன்.

ரேவதிக்கு இப்போது மூன்றாவதாக ஒரு நேர்முகம் வந்திருக்கிறது. சிறிய ஓட்டல், காலை நேர வரவேற்பு வேலை. விடியும் முன் போய்விட வேண்டும். இந்தத் தடவை என்ன சொல்ல வேண்டும் என்று அவள் என்னிடம் கேட்கவில்லை. மேனேஜர் மாதிரி எதிரில் உட்காருங்கள், போதும் என்றாள். கடந்த சனிக்கிழமை பாதுகாப்பு மையத்தின் மாடியில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். மற்றவர்கள் சுவரோரம் நின்றார்கள். உன் குடும்பத்தைப் பற்றிச் சொல் என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

அவள் பேசவில்லை. எனக்கு நாக்கு நுனியில் நான்கைந்து வாக்கியங்கள் வந்து நின்றன. எல்லாம் நல்ல வாக்கியங்கள், எடுத்துக் கொடுத்தால் பிடித்துக்கொள்வாள். கீழே யாரோ மோட்டார் சைக்கிளை உதைத்து உதைத்துப் பார்த்துவிட்டுத் தள்ளிக்கொண்டு போனார்கள். நான் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பிறகு ரேவதி ஆங்கிலத்தில், நடுவில் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். நாங்கள் ஐந்து பேர். அம்மா மீன் விற்கிறார். மழைத் தண்ணீர் ஊரிலேயே முதலில் எங்கள் வீட்டுக்குத்தான் வரும். அதனால் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சீக்கிரம் எழுந்திருக்கத் தெரியும்.

யாரும் சிரிக்கவில்லை. ஞானவேல் மட்டும், "வேல கெடைக்குதோ இல்லியோ, ஓட்டல்காரன் ஒயுங்கா தூங்க மாட்டான்" என்றார். ஒரு வினைச்சொல்லைத் திருத்தினேன். மற்றபடி எதையும் தொடவில்லை. நேர்முகம் வரும் திங்கட்கிழமை. இது அச்சாகும்போது முடிவு தெரிந்திருக்கும், இப்போது எனக்குத் தெரியாது. சிரித்தாலும் சிரிப்பார்கள்.

அந்தப் பதில் யாருடைய வகுப்பில் உருவானது என்று எஸ்தரும் நானும் கடலூரிலிருந்து சிதம்பரம் வரை சண்டை போட்டிருப்போம். எனக்கு விடை தெரிந்திருக்கும்போது, தெரியாதவர் வாயைத் திறக்கும்வரை சும்மா இருப்பது. அவரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது அது ஒன்றுதான். மற்ற எதிலும் அவரோடு எனக்கு இன்னும் உடன்பாடு இல்லை.